பேனரின் மறுமுனை

எங்கள் ஜெர்மன் ஊரின் ஈஸ்டர் அமைதி ஊர்வலத்தில் பேனரின் ஒரு முனையை ஹைட்ரூனும் மறுமுனையைக் கெர்ஸ்டினும் இருபது வருஷமாகப் பிடித்து வந்தார்கள். இந்த வருஷம் ஊர்வலம் தொழிற்சாலைக்கு வந்தபோது, கெர்ஸ்டின் வேலை உடுப்போடு அதன் வாசலில் நின்றாள். ரயில் பெட்டி செய்த இடத்தில் இப்போது போர் டாங்கிக்கு வெல்டிங்.

"வெக்கமா இல்லையாடி?" என்றாள் ஹைட்ரூன்.

"இருக்கு. ஆஸ்பத்திரிய மூடுனப்போ காசில்லேன்னாங்க. டாங்கின்னா மட்டும் வந்துடுது. ஊர்ல வேற வேலை ஏதுடி?"

இடைவேளை முடியும்வரை கெர்ஸ்டின் தன் முனையைப் பிடித்து நின்றாள். சங்கு ஊதியதும் அதை வாசல் கம்பியில் கட்டினாள்.

"கட்டிட்டுப் போனா நான் எப்படி நடக்கிறது?"

"நடந்து நடந்து இத்தனை வருஷமா எங்கடி போய்ச் சேர்ந்தோம்?" என்றவள், வெல்டிங் முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.