ஆறாவது ஆள்

ரயிலேறப் போகும் அன்று நல்லகண்ணு கடைசியாகக் கேட்டது, உளுந்தஞ்சோறு இன்னும் இருக்கிறதா என்பதுதான்.

"இருக்கு. ரயிலு நிக்குமா?" என்றாள் மனைவி உலகம்மை.

"நான் போவாம அவுக வெளையாட்டே தொடங்காது. போடு" என்று இலையை நகர்த்தினார்.

1955 கார்த்திகை அது. குற்றாலம் பேரருவியில் எண்ணெய் தேய்த்துவிடுகிற நல்லகண்ணுவை, அந்த வருஷச் சாரலுக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவருக்குப் பிடித்துப்போயிற்று. அவருடைய நாடு ஐரோப்பிய மலைகளுக்கு நடுவே ஒரு துண்டு நிலம். மொத்த ஜனமும் சேர்ந்தால் தென்காசித் தேரோட்டத்துக்குக் காணாது. அங்கிருந்து ஐந்து பேர் பனிச்சறுக்கு வண்டிப் பந்தயத்துக்குப் போகிறார்கள், அவர்களுக்கு உடம்பு பிடித்துவிட இவர் வேண்டும் என்று அழைத்துக்கொண்டார்.

தை மாதம் தந்தி வந்தது. பின்னாலேயே கடிதம்.

அருவிக்கரையில் ஒரு பழக்கம் உண்டு. தலையிலும் முகத்திலும் எண்ணெய் வழிகிறவரால் கண் திறக்க முடியாது. தேய்த்துவிட்டவர் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து, தாம் பின்பக்கமாக நடந்தே வழுக்குப் பாறை வழியாக அருவி வரை கொண்டுபோய் விடுவார். இருபது வருஷத்தில் நல்லகண்ணு ஒரு தரம்கூடக் கால் பிசகியதில்லை. அங்கேயும் ஒரு வீரனை அப்படித்தான் அழைத்துப் போயிருக்கிறார். முதுகுக்குப் பின்னால் இருந்தது பனிக்கட்டிச் சறுக்குப் பாதை. போட்டி தொடங்க மூன்று நாள் இருந்தது. உடலை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

அவருடைய அண்ணன் வல்லிநாயகம் முன்னின்று பதினாறாம் நாள் காரியம் செய்தார். உலகம்மை தாலியைக் கழற்றினாள்.

ஆனி மாதம், தென்காசிக் கொட்டகையில் படத்துக்கு முன்னால் ஓட்டும் நியூஸ் ரீலில் அந்தப் போட்டியின் தொடக்க விழா வந்தது. கேள்விப்பட்டு உலகம்மை பகல் ஆட்டத்துக்குப் போனாள்.

வெள்ளை மைதானம். நாடு நாடாக அணிவகுப்பு. "ஐந்தே வீரர்களுடன் ஒரு சின்னஞ்சிறு நாடு" என்றது குரல். அவள் எண்ணினாள். ஆறு. கொடி பிடித்தவனுக்கும் முன்னால் ஒருவர் கைகளை நீட்டிக்கொண்டு பின்பக்கமாக நடந்து வந்தார். முதுகு மட்டும் தெரிந்தது. இடது தோள் சற்று இறங்கிய முதுகு.

"அத்தான், அவுக இருக்காக" என்றாள் வல்லிநாயகத்திடம். "உசுரோட இருக்கவுகளுக்கா எள்ளுந் தண்ணியும் எறச்சோம்?"

"கிறுக்குப் பிடிச்சிட்டா? அறுத்தவ கொட்டகைக்குப் போறாளேன்னு ஊரே சிரிக்குது."

அவள் தினமும் போனாள். ஒவ்வொரு நாளும் அந்த முதுகு திரைக்கு இன்னும் நெருங்கி வந்திருந்தது. நாலாம் நாள் ஆபரேட்டர் அப்துல் மஜீது அவளை மெஷின் ரூமுக்குக் கூப்பிட்டு, ஃபிலிமை விளக்குக்கு நேரே பிடித்தார்.

"எண்ணிக்கோங்க அக்கா. அஞ்சு பேருதான். கட்டம் கட்டமாப் பாத்துட்டேன்."

"பெறகு திரையில?"

மஜீது ஃபிலிமைச் சுருட்டினார். "திரையில நானும் ஆறுதான் பாத்தேன். ரெண்டு நாளா அந்த இடம் வந்தா தலையத் திருப்பிக்கிடுதேன்."

வியாழக்கிழமை அந்த ரீலுக்குக் கடைசி நாள். முதுகு திரையை நிறைத்தது. இருக்கிறாரா இல்லையா என்று முகம் பார்த்தால் தெரிந்துவிடும். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் வாயால் சொல்லாத பெயரை, உலகம்மை எழுந்து நின்று கூப்பிட்டாள்.

"நல்லகண்ணு!"

"ஏட்டி, உக்காரு. மறைக்குது" என்றாள் பின்னாலிருந்த ஒருத்தி.

அவர் திரும்பினார். கண்கள் மூடியிருந்தன. நெற்றியிலிருந்து எண்ணெய் வழிந்து இமை மயிரில் சொட்டியது. நீட்டிய இரண்டு கைகளும் யாராவது பிடிக்கமாட்டார்களா என்று காற்றைத் துழாவின.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. இறந்தவர்தான். அவருக்கு வழிதான் தெரியவில்லை.

உலகம்மை கைகளை நீட்டினாள். உள்ளங்கையில் பனிக்கட்டியாய் ஒரு பாரம் வந்து அமர்ந்தது. பின்பக்கமாகவே பெஞ்சுகளுக்கு நடுவில் நடந்து, வாசல் தாண்டி, சாரலில் நனைந்த தெருவில் இறங்கினாள். சைக்கிள்காரர்கள் மணியடித்து விலகினார்கள். எங்கும் இடறவில்லை. சிற்றாற்றில் இடுப்பளவு இறங்கும் வரை அந்தக் குளிர் அவள் விரல்களைப் பிடித்திருந்தது. குற்றாலத்திலிருந்து புதுத்தண்ணீர் வந்துகொண்டிருந்தது. விரல்களைத் திறந்தாள்.

வெளியூருக்குக் கிளம்புகிறவரை 'போயிட்டு வாங்க' என்றுதான் சொல்லுவாள். இப்போது, "போங்க" என்றாள்.

அன்று சாயங்கால ஆட்டத்தில் மஜீது தலையைத் திருப்பாமல் பார்த்தார். திரையில் ஐந்து பேர் நடந்து போனார்கள்.

அந்தப் பந்தயத்தில் ஓடியவை பதினெட்டு வண்டிகள். அவர்களுக்குக் கிடைத்தது பதினெட்டாம் இடம்.