மடிப்புப் பெட்டி

"தம்பி, அந்த வயரப் புடுங்காதீங்க!" என்று ஜெயக்கொடி கத்தினாள். கத்தியதாக அவள்தான் நினைத்தாள். கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுத நாத்தனார் கிளியம்மாளின் தோளில் வாய் அழுந்திக் கிடந்ததால், வந்தது வெறும் முனகல்.

அவள் புருஷன் சம்பத்தின் உடம்பு ஆஸ்பத்திரியிலிருந்து வந்துகொண்டிருந்தது. மாடம்பாக்கத்து வீட்டுக் கூடத்தில் கிடத்த இடம் வேண்டும். கூடத்தை அடைத்துக்கொண்டு நின்றதோ, ரிச்சி தெரு எலக்ட்ரானிக் கடைகளில் பொறுக்கிய பாகங்களை வைத்து மூன்று வருஷமாக அவன் செய்த மின்னிசைப் பெட்டி. மேஜை முழுக்கக் குமிழ்களும் வயர்களும். காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன் அதை அணைக்கவில்லை. அது பாட்டுக்கு ஒலித்துக்கொண்டிருந்தது.

யாருக்கும் புரியாத வேலை. அவளுக்கு மட்டும், புடவை மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னான். "நீ துணிய மடிக்கிறல்ல, இது சத்தத்தோட அலைய மடிக்கிது. எவ்ளோ மடிக்கணும்னு இன்னொரு வோல்டேஜ் சொல்லும். கையே வெக்க வேணாம்." மடிப்பு கூடக்கூட, புல்லாங்குழலாக இருந்த ஓசை மெல்ல மனுஷத் தொண்டையாகத் திறந்தது. நேற்றுத்தான் சரியாக வந்தது. நாற்பது வயசு ஆள் கூடத்தில் குதித்தான். "ஒரு வயர் மாறினா போச்சு, கொடி. எனக்கே திரும்ப வராது. நாளைக்கு டேப்ரிகார்டர் வாங்கியாந்து புடிச்சிடணும்."

அந்த நாளை இன்றுதான்.

எழ முயன்றவளை நாலு கைகள் உட்கார வைத்தன. ஒருத்தி விட்டால் இன்னொருத்தி கட்டிக்கொண்டாள்.

"டேப்பு... டேப்புல புடிக்கணும்..."

"பாவம், இன்னா இன்னாவோ பெனாத்துது. தண்ணி குடுங்கடி," என்றாள் கிளியம்மாள்.

ஜெயக்கொடிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அழுகை அதையும் விழுங்கிவிட்டது.

கொழுந்தன் ஏகநாதன் தங்கமான பிள்ளை. அண்ணன் சாமானில் ஒரு கீறல் விழக் கூடாதென்று பார்த்துப் பார்த்துக் கழற்றினான். பெட்டியின் ஓசையில் முதலில் அந்த மனுஷத் தொண்டை மூடியது. வெறும் குழல் மிஞ்சியது. பிறகு அதுவும் இல்லை.

மேஜையைத் திண்டாடித் தூக்கி வெளியே வைத்தார்கள். ஏகநாதன் வயர்களை வேட்டியில் துடைத்து, சீராகச் சுற்றி, நூலால் கட்டி அவளிடம் கொண்டுவந்தான். அவன் கண்கள் சிவந்திருந்தன.

"ஒண்ணுகூட அறுபடல அண்ணி. பத்திரமா வெச்சிக்குங்க."

வாசலில் வண்டி வந்து நின்றது. பெண்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள்.

"சரி தம்பி," என்று இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.