மங்கிக்கொண்டிருக்கிறாள்

சீனாவின் ஃபூஷுன் நகரில், நூடுல்ஸ் கடைக்கு மேல்மாடியில் ஷான் யுச்சிங் நடத்திவந்த ஆங்கில வகுப்புக்கு அன்று காலை ஒரே ஒருவர்தான் வந்திருந்தார். பி ஹொங்தாவ், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். கனடாவில் இருக்கும் வெள்ளைக்கார மருமகனோடு நாலு வார்த்தை பேசுவதற்காகச் சேர்ந்தவர். நிலக்கரிச் சுரங்கத்தை மூடியதிலிருந்து ஊரே இளைத்துக்கொண்டு வந்தது, வகுப்பும் அப்படித்தான். இன்றோடு நிறுத்திவிடுவதென்று யுச்சிங் முடிவு செய்திருந்தாள். அதை வாய்விட்டுச் சொல்லத்தான் அலுப்பாக இருந்தது.

அன்றைய பாடம், தேய்வதைக் குறிக்கும் சொற்கள். எண்ணிக்கை குறைந்துகொண்டே போனால் 'டுவிண்டில்', நிலைமை மோசமாகிக்கொண்டே போனால் 'டீட்டீரியரேட்', நிறமோ நினைவோ மெல்ல மங்கினால் 'ஃபேட்' என்று பலகையில் எழுதினாள்.

"டீச்சர், ஆளுங்க பேரெல்லாம் மறந்துபோறதுக்கு எது சரியா வரும்?"

"யாருக்குண்ணே?"

வீட்டுக்காரிக்குத்தான் என்றார். போன வாரம் குடியிருக்கும் கட்டடத்தையே அடையாளம் தெரியாமல் தேடி அலைந்தாளாம். மகளிடம் சீனத்தில் சொல்ல நா எழவில்லை. மருமகனிடம் ஆங்கிலத்தில் சொன்னால் அவன் பக்குவமாக எடுத்துச் சொல்வான்.

யுச்சிங் கடைசிச் சொல்லைக் காட்டினாள். அவர் சொல்லிப் பார்த்தார். காலத்துக்கேற்ப மாறாத சீன வினைச்சொற்களோடு வளர்ந்த நாக்குக்கு எந்தக் காலமும் ஒன்றுதான்; ஒவ்வொரு முறையும் 'ஃபேடட்' என்றே வந்தது.

"அப்படிச் சொன்னா முடிஞ்சுபோச்சுன்னு ஆயிடும். 'ஃபேடிங்'னு சொல்லுங்கண்ணே. இன்னும் முடியலை."

அவர் தலையைக் குனிந்தபடி திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு அங்கேயே உட்கார்ந்து மருமகனைப் போனில் கூப்பிட்டார். சொல் சரியாகவே வந்தது. மறுமுனையில் மருமகன் திக்கித் திணறிச் சீனத்தில் பேசினான்.

"எங்களுக்குத் தெரியும் மாமா. அத்தை போன்ல கேட்டதையே கேக்குறாங்க. நீங்களா சொல்வீங்கன்னுதான் உங்க மக காத்திருந்தா."

சீனப் புத்தாண்டான வசந்த விழாவுக்கு இருவரும் வருவதாகச் சொன்னான். பி ஹொங்தாவ் போனை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். இதற்குமேல் தள்ளிப்போட முடியாமல், வகுப்பு இன்றோடு சரி என்று யுச்சிங் சொன்னாள். அவர் ஆச்சரியப்படவில்லை. பலகையைத் தானே துடைத்துக் கொடுத்தார்.

"ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்கண்ணே."

"இல்ல டீச்சர். அவள உள்ள வச்சுப் பூட்டிட்டு வந்திருக்கேன்."

கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, முடிந்தவரை வேகமாகப் படியிறங்கினார்.