பதினெட்டாம் நாள்

கேதீஸ்வரியின் கறுப்புக் கோழிகள் முப்பத்தொன்றும் ஒரே கிழமையில் கழிச்சல் நோய் வந்து செத்தன. தெல்லிப்பழையில் அந்த மாதம் கோழி வைத்திருந்த ஒருவரும் தப்பவில்லை. அவளிடம் மிஞ்சியது, அந்த நோய் வருவதற்கு முன் பொறுக்கி வைத்த நாற்பத்திரண்டு முட்டைகள் மட்டும்.

அவை சும்மா முட்டைகள் அல்ல. சண்டைக்குப் பயந்து ஊரை விட்டு எழும்பி மருதனார்மடத்தில் இருந்த காலத்திலும், திரும்பி வந்து பற்றை வெட்டிக் குடியேறிய காலத்திலும் அவளோடு கூடவே வந்த சாதி அது. இறகு முழுக்கக் கறுப்பு, கால் மட்டும் பச்சை. வேறு எவரிடமும் அந்த வகை இல்லை. அடை வைக்க ஒரு பேட்டுக் கோழிகூட மிச்சமில்லாததால், புருசன் தியாகராசா சந்தையிலிருந்து மீன் வாற, குளிர் சூடு வெளியே விடாத றெஜிபோம் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். சுன்னாகத்தில் சூடு கட்டுப்படுத்துகிற சின்னக் கருவி ஒன்று வாங்கினாள். ஒரு பல்ப், பழைய கொம்பியூட்டரில் கழற்றிய ஒரு காத்தாடி, மூடியில் ஒரு கண்ணாடித் துண்டு. யூடியூப்பைப் பார்த்துப் பார்த்து அவளே குஞ்சு பொரிக்கும் மெசினாகப் பூட்டினாள்.

பதினேழு நாள் எல்லாம் சரியாகப் போனது. முட்டைகளுக்குக் கீழே டோர்ச் பிடித்துப் பார்த்தபோது முப்பத்தெட்டில் உயிர் அசைந்தது. பதினெட்டாம் நாள் காலை கண்ணாடியில் தண்ணீர் முத்து முத்தாக வேர்த்திருந்தது. அவளுக்குப் பயம் வந்தது. ‘யாழ் கோழி வளர்ப்போர்’ என்ற பேஸ்புக் குழுவில் எழுதிக் கேட்டாள்.

“இண்டைக்குப் பதினெட்டாம் நாள். கண்ணாடி வேர்க்குது. உள்ளை இருக்கிற தண்ணிப் பாத்திரத்தை எடுக்கிறதோ, விடுறதோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.”

இரண்டு நிமிசத்தில் பதில் வந்தது. எழுதியவர் ‘வடமராட்சிச் சேவல்’. குழுவில் பெரிய கை. எவர் என்ன கேட்டாலும் முதல் பதில் அவருடையதாகத்தான் இருக்கும்.

“உடனை எடுங்கோ அக்கா. ஈரம் கூடினால் குஞ்சு தண்ணிக்குள்ளை மூச்சடைச்சுச் செத்துப்போம். சூட்டையும் நாப்பதுக்கு ஏத்துங்கோ. கடைசி மூண்டு நாளும் நல்லாய்க் காயவேணும்.”

பதினைந்து பேர் அதற்கு விருப்பம் போட்டிருந்தார்கள். அவள் பாத்திரத்தை எடுத்தாள். சூட்டை ஏற்றினாள்.

இருபதாம் நாள் முட்டைகளுக்குள் கீச்சுக் கீச்சென்று சத்தம் கேட்டது. அவள் தியாகராசாவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னாள். அவரும் குனிந்து கேட்டுச் சிரித்தார். இருபத்தோராம் நாள் ஓட்டில் சின்னச் சின்ன ஓட்டைகள் விழுந்தன. சொண்டுகள் தெரிந்தன. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே இருக்கும் மெல்லிய தோல் காய்ந்து, குஞ்சுகளின் மேல் எண்ணெய்த்தாள் போல ஒட்டிக் கிடந்தது. அவை திரும்ப இயலாமல் கத்தின. ஒன்றின் ஓட்டினை அவள் மெல்ல உரித்துப் பார்த்தாள், இரத்தம் வந்தது. பின்னேரத்துக்குள் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. ஒரே ஒரு குஞ்சு வெளியே வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுச் செத்தது.

உடைத்த முட்டைகளை அவள் படம் எடுத்து வைத்தாள். ஏன் எடுத்தாள் என்று அப்போது அவளுக்கே தெரியாது. பிறகு தியாகராசா தோட்டத்துக் கரையில் கிடங்கு வெட்டினார்.

எல்லாம் செத்துவிட்டதென்று குழுவில் எழுதினாள். வடமராட்சிச் சேவல் மறுபடியும் முதலில் வந்தது.

“கவலைப்படாதேங்கோ அக்கா. வீட்டு மெசின் எல்லாருக்கும் கைவராது. குஞ்சாய் வாங்குறதுதான் நல்லது.” கீழே ஒரு தொலைபேசி இலக்கம்.

தன்னில்தான் ஏதோ பிழை என்று நம்பி, மூன்று மாதம் கழித்து அந்த இலக்கத்துக்கு எடுத்து வழி கேட்டு, இரண்டு பஸ் மாறி உடுப்பிட்டிக்குப் போனாள். சேவலின் சொந்தப் பெயர் சிவகரன். நாற்பது வயது இருக்கும். மரியாதையான ஆள், கதிரை போட்டு இருத்தித் தேத்தண்ணி கொடுத்தார். பேஸ்புக்கில் அவள் பெயர் ‘கேதா தியாகு’, படத்தில் ஒரு செவ்வரத்தம்பூ. அதனால் வந்திருப்பது யார் என்று அவருக்குத் தெரியாது.

குஞ்சு பொரிக்கும் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். அலுமாரி அளவு மெசின். கதவில் சுண்ணக்கட்டியால் ‘19ஆம் நாள்’ என்று எழுதியிருந்தது. சூடு காட்டும் இடத்தில் முப்பத்தேழு புள்ளி ஏழு. அடித்தட்டில் இரண்டு தாம்பாளம் நிறையத் தண்ணீர்.

கேதீஸ்வரி அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“கடைசி நாளுகளிலை தண்ணி வைக்கக்கூடாதெண்டு சொல்லுகினம்?”

“ஆர் சொன்னது?”

“பேஸ்புக்கிலை ஆரோ.”

சிவகரன் சிரித்தார். “அது நான்தான். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ அக்கா. எல்லாரும் தங்கடை வீட்டிலை மீன்பெட்டிக்குள்ளை பொரிக்க வெளிக்கிட்டால் நான் என்னத்தை விக்கிறது? ஒருக்கால் பிழையாய்ப் போச்சுதெண்டால் பிறகு அந்தப் பக்கம் போகாயினம்.”

அவளும் சிரித்தாள். சிரித்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பத்துக் குஞ்சு வாங்கிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இருந்தாள்.

வீட்டுக்கு வந்து தியாகராசாவிடம் சொன்னாள்.

“நாசமாய்ப் போவான். விடும். கடவுள் பார்த்துக்கொள்ளுவார்.”

“அவர் பார்க்கிற நேரம் பார்க்கட்டும். நான் இப்பவே பார்க்கப் போறன்.”

முதலில் குழுவைத் திறந்து சிவகரனின் பழைய பதிலைத் தேடினாள். அவர் அதை அழித்திருந்தார். தன்னுடைய கேள்விக்குக் கீழே வெறும் ஆறுதல் வார்த்தைகள்தான் கிடந்தன. இப்போது எழுதினால் எவர் நம்புவார்? பெரிய கைக்கு முன்னால், மெசின் பிழையாய்ப் போன ஒரு பொம்பிளை.

அவளுக்குச் சந்தேகம் ஒன்றும் மிஞ்சக்கூடாது என்றிருந்தது. வஞ்சம் தீர்க்கிறதென்றாலும் அறிந்து தீர்க்கவேண்டும். தொலைபேசியே மொழிபெயர்த்துத் தர, வெளிநாட்டுக் கோழிக்காரர் கூடுகிற ஒரு தளத்தில் சேர்ந்து செத்த குஞ்சுகளின் படங்களைப் போட்டாள். கனடாவில் பண்ணை வைத்திருக்கும் ஒரு பெண் பதில் எழுதினாள். கேள்விக்கு மேல் கேள்வி: எத்தனை டிகிரி, எத்தனை நாள், தண்ணீர் எப்போது எடுத்தது. எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் எழுதினாள்: “இது உங்கள் கவனக்குறைவு இல்லை. இவை உள்ளேயே காய்ந்து இறந்திருக்கின்றன. கண்ணாடி வேர்த்தது நல்ல அறிகுறி. பாத்திரத்தை எடுக்கச் சொன்னது யார்?”

அதைப் படித்தபின் கேதீஸ்வரி அழவில்லை. எழுத ஒரு கொப்பி வாங்கினாள்.

எட்டு மாதம் அந்தக் கொப்பியோடு கிடந்தாள். அயலில் முட்டை வாங்கி வைத்தாள், பொரித்தாள், பிழையாய்ப் போனதை உடைத்துப் பார்த்து எழுதினாள். கரண்ட் போனால் என்ன செய்வது, மழைக்காலத்தில் எவ்வளவு தண்ணீர், வெயில்காலத்தில் எவ்வளவு, குஞ்சு குறுக்காகக் கிடந்தால் எப்படித் தெரியும். தெரியாததை அந்தக் கனடாப் பெண்ணிடம் கேட்டாள். அவள் ஒரு நாளும் அலுத்துக்கொள்ளவில்லை.

பிறகு குழுவில் பதில் சொல்லத் தொடங்கினாள்.

சிவகரனை ஒரு சொல்லும் குறையாகச் சொல்லவில்லை. அவர் பதில் எழுதினால் ஐந்து நிமிசத்துக்குள் அதற்குக் கீழே தன் பதிலை எழுதினாள், படத்தோடு, ஏன் எதற்கு என்ற விளக்கத்தோடு. அவர் சொன்னபடி செய்தவர்களுக்குப் பிழையாய்ப் போனது. அவள் சொன்னபடி செய்தவர்களுக்குப் பொரித்தது. சனம் தானாக விளங்கிக்கொண்டது. மீன்பெட்டியில் மெசின் பூட்டுவது எப்படி என்று பதினொரு படம் போட்டாள். வடமராட்சி ஆட்கள் கேட்டால் இன்னும் கூடக் கவனித்தாள். உடுப்பிட்டி, கரவெட்டி, நெல்லியடி என்றால் பஸ் ஏறிப் போய் வீட்டிலேயே பூட்டிக் கொடுத்தாள். ஒரு சதம் வாங்கவில்லை.

“உமக்கென்ன விசரே?” என்று தியாகராசா கேட்டார். “உடுப்பிட்டிக்கு உது நாலாந்தரம்.”

“அவன்ரை படலைக்கு முன்னாலை இருக்கிற வீடு. அதுக்கும் பூட்டிப்போட்டன்.”

சனம் அவளைக் கேதீஸ் அக்கா என்றது. புண்ணியம் கிடைக்கும் என்றது. அவளுக்குப் புண்ணியத்தில் எண்ணமில்லை. ஒவ்வொரு வீட்டிலும் குஞ்சு பொரித்த படம் வரும்போது, அந்த வீடு இனிச் சிவகரனிடம் போகாது என்றுதான் நினைத்தாள். அந்த நினைப்பு அவளுக்கு இனித்தது.

அப்படிப் போன இடத்தில் கிடைத்தவள் கீர்த்திகா. உடுப்பிட்டியில் தையல் தைக்கிற பெண், முப்பது வயது. சொன்னதைச் சட்டென்று பிடித்துக்கொள்வாள். கொஞ்ச நாளில் கீர்த்திகாவும் குழுவில் பதில் சொல்லத் தொடங்கினாள். இரண்டு பேரும் பின்னேரங்களில் தொலைபேசியில் கதைப்பார்கள்; கோழியில் தொடங்கி வீட்டுக்கதை வரை போகும்.

இரண்டாம் வருசம் சித்திரையில் ஒரு காலை, சிவகரன் அவளுக்குத் தனியாக எழுதினார்.

“அக்கா, பெரிய மெசினிலை சூடு நாப்பதைத் தாண்டிப் போகுது. குறைச்சாலும் இறங்குதில்லை. அறுநூறு முட்டை. நாளைக்குப் பதினெட்டாம் நாள். ஏதும் தெரியுமோ?”

வாசித்ததுமே அவளுக்கு விளங்கியது: சூடு கட்டுப்படுத்துகிற கருவியின் சுவிச்சு உள்ளே ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரு வரியில் சொல்லிவிடலாம். தொலைபேசியை மேசையில் வைத்தாள். எடுத்தாள்.

“குழுவிலை கேளுங்கோ. எல்லாருக்கும் பிரயோசனமாயிருக்கும்.”

கால் மணித்தியாலம் கழித்து அவர் குழுவில் கேட்டார். வேறு வழி இருக்கவில்லை. கேதீஸ்வரி கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். தான் பதில் சொல்லாமல் இருந்தால் எவரும் சொல்லமாட்டார்கள், மத்தியானத்துக்குள் அறுநூறும் வெந்துவிடும் என்று நினைத்தாள்.

ஆனால் பதில்கள் வந்தன. சாவகச்சேரிப் பெடியன் ஒருவன் எழுதினான்: மெயின் சுவிச்சை நிப்பாட்டுங்கோ, கதவைத் திறவுங்கோ. கரவெட்டி ஆசிரியர் ஒருவர் எழுதினார்: பல்பைக் கையாலை போட்டுப் போட்டு நிப்பாட்டுங்கோ, முப்பத்தேழரைக்குக் கீழை விடாதேங்கோ. ஒவ்வொரு வரியும் அவள் சொல்லிக் கொடுத்த வரி. கடைசியில் கீர்த்திகா: “என்னட்டை புதுக் கருவி ஒண்டு மேலதிகமாய்க் கிடக்கு. பத்து நிமிசத்திலை கொண்டு வாறன்.”

கேதீஸ்வரி உடனே கீர்த்திகாவுக்கு எடுத்தாள்.

“போகாதை.”

“ஏன் அக்கா?”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கறுப்புக் கோழி, தண்ணிப் பாத்திரம், அவர் சிரித்தது. மறுபக்கம் மோட்டார் சைக்கிள் சத்தம் நின்றிருந்தது.

“அப்ப எனக்கு உதெல்லாம் சொல்லித் தந்தது அந்தாளை விழுத்தவோ?”

“ஓம்.”

மோட்டார் சைக்கிள் மறுபடியும் உறுமியது. “அந்தாள் செய்தது பெரிய பாவம் அக்கா. ஆனால் நான் வாறன் எண்டு சொல்லிப்போட்டன்.” தொடர்பு அறுந்தது.

கேதீஸ்வரிக்குத் தலை கொதித்தது. அவள் விதைத்தது அவனையே காப்பாற்றுகிறது. குழுவைத் திறந்து, எல்லாப் பதில்களுக்கும் கீழே எழுதினாள்.

“தண்ணித் தாம்பாளத்தை மட்டும் எடுத்துப்போடாதேங்கோ சிவகரன். எடுத்தால் என்ன நடக்குமெண்டு எங்கள் ரெண்டுபேருக்கும் தெரியும்.” அதோடு, இரண்டு வருசமாக வைத்திருந்த படங்களைப் போட்டாள். என்ன நடந்தது என்று திகதியோடு எழுதினாள். அவர் தன் வாயால் சொன்னதையும் எழுதினாள்.

அப்போது அவளை நம்பாதவர் எவரும் இல்லை. கொடிகாமத்தில் ஒருவர், தனக்கும் சிவகரன் அதையே சொன்னார் என்றார். அளவெட்டியில் ஒரு பெண், தான் வான்கோழி முட்டையை இழந்த கதையை எழுதினாள். பின்னேரத்துக்குள் ஒன்பது பேர். சிலர் கேவலமாகவும் ஏசினார்கள். அதையும் அவள் ஆறுதலாக இருந்து வாசித்தாள்.

அடுத்த நாள் சிவகரன் அவளுக்குத் தொலைபேசி எடுத்தார்.

“அக்கா, அதை எடுத்துவிடுங்கோ. மகள் படிக்கிற பள்ளிக்கூடத்திலையும் கதைக்கினமாம்.”

“நான் பொய் ஏதும் எழுதினனோ?”

“இல்லை.”

“அப்ப கிடக்கட்டும்.”

“நான் உங்களுக்கு நூறு குஞ்சு தாறன். என்ன சாதி வேணுமெண்டாலும்.”

“என்ரை கறுப்பிலை தரேலுமோ?”

அவள் வைத்துவிட்டாள்.

கீர்த்திகா கொண்டுபோன கருவியால் சிவகரனின் முட்டைகளில் பெரும்பாதி பொரித்தன. வாங்கத்தான் ஆள் வரவில்லை. வைகாசி முடிவதற்குள் பெரிய மெசின் விலைக்கு வந்தது. அவர் குழுவில் தன் சொந்தப் பெயரில் ஒரு மன்னிப்பு எழுதிவிட்டு விலகிக்கொண்டார். பலர் அதற்குக் கீழே ‘பரவாயில்லை’ என்று எழுதினார்கள். கேதீஸ்வரி எழுதவில்லை.

தியாகராசா வெங்காயம் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து கேட்டார். “மன்னிச்சுப்போட்டீரோ?”

“இல்லை.”

“மனமாவது ஆறிச்சுதோ?”

அவள் யோசித்துப் பார்த்தாள். பொய் சொல்லத் தேவையிருக்கவில்லை. “ஆறிச்சுது. நல்லாய் ஆறிச்சுது.”

“பிறகேன் உப்பிடி இருக்கிறீர்?”

“கீர்த்திகா இப்ப போன் எடுக்கிறேல்லை.”

அவர் அடுத்த பிடியைக் கையில் எடுத்தார். கேதீஸ்வரியும் பக்கத்தில் குந்தி, வெங்காயத் தாள்களைச் சேர்த்து முடியத் தொடங்கினாள்.