பதினொரு டிகிரிப் புட்டிங்

பெட்ரா மான்சா ஊரில் விருந்தாளியை வெறும் வயிற்றோடு அனுப்புவதும், இரவல் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவதும் எவரும் கேட்டறியாத காரியங்கள். ஆகையால், மருந்துக்கடையின் பின்னறையில் புத்தம்புதிய குளிர்சாதனப் பெட்டியொன்று வாரக்கணக்கில் காலியாகவே நிற்பதைக் காண, கடை உதவியாளர் பெர்பெத்துவாவுக்கு மனம் பொறுக்கவில்லை.

"ஆளில்லாத வீட்டுல விளக்கு எரியற மாதிரி இருக்கு டாக்டரம்மா. ஒரு தட்டு பாலாடைக்கட்டியாவது வெக்கலாமே?"

"தடுப்பூசியைத் தவிர அதுல எதையுமே வெக்கக் கூடாதுக்கா. சட்டம்."

"அந்தத் தடுப்பூசியையும்தான் வெக்க மாட்டேங்கறீங்க!"

"உரிமம் வந்தாத்தானே வாங்க முடியும்? பெட்டி ஒரு மாசம் ஒழுங்கா ஓடுச்சுன்னு காட்டினாத்தான் உரிமம்."

"நல்ல சட்டம்! பானையை மட்டும் ஒரு மாசம் வேடிக்கை பார்த்துட்டு, அப்புறமா அரிசி போடச் சொல்றாங்க."

ஊரார் 'டாக்டரம்மா' என்றழைக்கும் மருந்தாளர் லியோனிசி சிரித்தாரேயொழிய விட்டுக்கொடுக்கவில்லை. சட்டம் கேட்டவற்றையெல்லாம் அவர் ஒவ்வொன்றாகச் செய்து முடித்திருந்தார். தடுப்பூசி போடும் பயிற்சிக்குத் தலைநகரம் சென்று சான்றிதழ் பெற்றார். சரக்கறையைக் காலிசெய்து, கழுவத்தக்க சுவரும் கைகழுவும் தொட்டியும் அமைத்தார். எஞ்சியது ஆய்வாளரின் வருகை ஒன்றே. மே மாதத்தில் வரும் அவர் உரிமத்தை மறுத்துவிட்டால், மறுமுறை வருவது ஆகஸ்டில். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கேயுள்ள அந்நாட்டில் ஜூனில் தொடங்கும் குளிர்காலமே அதற்குள் கடந்துபோய்விடும். சென்ற குளிர்காலத்தில் தையற்காரர் பெலார்மினோ சளிக்காய்ச்சல் தடுப்பூசிக்காக இரண்டு மணி நேரம் பேருந்தில் நகரத்துக்குச் சென்று, மருந்து தீர்ந்துவிட்டதென்று கேட்டுத் திரும்பி, ஆறு வாரம் மார்ச்சளியோடு படுக்கையில் கிடந்தார். இவ்வாண்டு அவரை அந்தப் பேருந்தில் ஏறவிடுவதில்லை என்று லியோனிசி உறுதி பூண்டிருந்தார்.

பெட்டியின் வெப்பநிலை இரண்டுக்கும் எட்டுக்கும் இடையில் இருத்தல் வேண்டும். காலை எட்டு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் அதைப் பார்த்துத் தாளில் எழுதும் பொறுப்பு பெர்பெத்துவாவுடையது. இருபத்திரண்டு நாள்கள் நாலும் ஐந்துமாக அழகாய் நிரம்பின. இருபத்துமூன்றாம் நாள், புனித ஜார்ஜ் திருநாள். மாலை விருந்துக்கெனப் பெர்பெத்துவா செய்த புட்டிங், அவருடைய வீட்டுப் பெட்டி பழுதுபட்டிருந்தமையால், அடுப்புச் சூடு ஆறுமுன்னரே பின்னறைக்குள் புகுந்தது. நான்கு மணிக்கு வெப்பமானி பதினொன்றைக் காட்டிற்று.

"ஐயோ அக்கா! என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"ரெண்டு மணி நேரந்தான்னு நினைச்சேன் டாக்டரம்மா. அது சும்மாத்தானே கிடக்கு!"

வெளியே எடுத்த புட்டிங் உறையாமல் தளதளத்தது; அதை விருந்துக்குக் கொண்டுபோனால் ஊரே சிரிக்கும். எனவே கடைமேசையின் மேலேயே வைத்து, லியோனிசியும் பெர்பெத்துவாவும் மாத்திரை வாங்க வந்த பெலார்மினோவும் ஆளுக்கொரு கரண்டியால் உண்டு தீர்த்தனர். அதன்பின் பெர்பெத்துவா, தாளில் இருந்த கட்டங்கள் கேட்டபடியே, மையால் எழுதினார். வெப்பநிலை: 11. காரணம்: சுடு புட்டிங். எடுத்த நடவடிக்கை: மூவர் சாப்பிட்டுவிட்டோம். ஆறு மணிக்கு: 5.

ஆய்வு நாளன்று காலையில், பெர்பெத்துவா வெற்றுத்தாள் ஒன்றை நீட்டினார்.

"புதுசா எழுதிடலாம் டாக்டரம்மா. முழுக்க அஞ்சு அஞ்சுன்னு போட்டா யாருக்குத் தெரியப்போவுது?"

லியோனிசி பேனாவை எடுத்தார். முதல் கட்டத்தில் ஐந்து என்று எழுதியும் விட்டார். பெலார்மினோவின் இருமல் காதில் ஒலித்தது. ஆனால் நாளைக்கு இந்தப் பெட்டியில் உண்மையாகவே தடுப்பூசி இருக்கும். அன்று ஏதேனும் தவறினால், இன்று பொய்யாக ஐந்து எழுதிய கை அன்றும் ஐந்துதான் எழுதும். அவர் அத்தாளைக் கசக்கி எறிந்தார்.

"வேண்டாங்க்கா. இருக்கறது இருக்கட்டும்."

ஆய்வாளர் ஏவரிஸ்து ஒல்லியான, முகத்தில் சிரிப்பே இல்லாத மனிதர். பெர்பெத்துவா நீட்டிய காப்பியை, கையெழுத்திடும்வரை எதையும் தொடுவதில்லை என்று மறுத்துவிட்டார். அவ்வூரில் அது கன்னத்தில் அறைவதற்குச் சமம். கைகழுவும் தொட்டியின் குழாயைத் திறந்து பார்த்தார். சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பின்னர்த் தாளைப் படிக்கலானார். ஓரிடத்தில் அவர் விரல் நின்றது.

"புட்டிங்கா?"

"ஆமா சார்," என்றார் லியோனிசி.

"இதே பெட்டியில அன்னிக்குத் தடுப்பூசி இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"சரியான குளிர்ல இருக்கற வேற பெட்டிக்கு மாத்தி, 'போடக் கூடாது'ன்னு எழுதி ஒட்டித் தனியா வெச்சிருப்பேன். எத்தனை நேரம், எவ்வளவு சூடுன்னு உங்க அலுவலகத்துக்கு எழுதியிருப்பேன். பதில் வர்ற வரைக்கும் யாருக்கும் போட்டிருக்க மாட்டேன், தூக்கியும் போட்டிருக்க மாட்டேன்."

ஏவரிஸ்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்த மாசம் ஆறு கடை பார்த்தேம்மா. ஆறுலயும் முப்பது நாளும் அஞ்சுதான். ரெண்டு நாள் கரண்ட் இல்லாம ஊரே இருட்டாக் கிடந்துச்சே, அந்த ஊர்க் கடையிலயும் அஞ்சுதான்! நிஜமாவே வெப்பமானியைப் பார்த்து எழுதின தாளை இன்னிக்குத்தான் பார்க்கறேன்."

இருப்பினும் அவர் உரிமத்தில் ஒரு நிபந்தனை எழுதினார்: அப்பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, சாவியை மருந்தாளர் மட்டுமே வைத்திருத்தல் வேண்டும். அதன்கீழ்க் கையெழுத்திட்டு முத்திரையும் குத்தினார். லியோனிசி தாளைக் கையில் வாங்கி, மை காய்வதற்காக ஊதினார், இரண்டுமுறை ஊதினார்.

"இப்பக் காப்பி குடிக்கலாம்," என்றார் ஏவரிஸ்து.

பெர்பெத்துவா காப்பியோடு, பாகு வழியும் புட்டிங் துண்டொன்றையும் கொண்டுவந்து வைத்தார். ஆய்வாளரின் பார்வை பின்னறைப் பக்கம் திரும்பிற்று.

"அங்க இல்ல சார்! சட்டத்துக்குப் பயந்து எதிர்த்த கறிக்கடைப் பெட்டியில வெச்சிருந்தேன்."

"கறிக்கடையா? அடுத்து நான் அங்கதாம்மா ஆய்வுக்குப் போறேன்."

பெர்பெத்துவா ஒரு கணம்கூடத் தயங்காமல், தெருவைக் கடந்து சென்று மீதிப் புட்டிங்கையும் தட்டோடு தூக்கிவந்து அவர் முன்னே வைத்தார்.

"அப்பச் சீக்கிரம் நடவடிக்கை எடுங்க சார். கரண்டி இந்தாங்க."