மடி

ஜெனிபர் கையை நீட்டியபோது அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பல்லாவரத்தில் ஏறியவர், நாற்பது வயதிருக்கும், நீலப் பூப்போட்ட சேலை. மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில் மேலே தொங்கும் பிடியை ஒரு கையாலும் கனமான கட்டைப் பையை இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டு, வண்டி ஆடும்போதெல்லாம் ஜெனிபரின் முழங்காலில் அந்தப் பையால் இடித்துக்கொண்டிருந்தார்.

“குடுங்கக்கா, நான் வச்சுக்கிறேன்” என்றாள் ஜெனிபர்.

“எதுக்கு?”

“நின்னுக்கிட்டு வாறீகல்ல.”

அவர் ஜெனிபரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, திருடுவதற்கு அதில் என்ன இருக்கிறது என்று தனக்குள் கணக்குப் பார்த்ததுபோல, பையை மெதுவாக மடியில் இறக்கினார். ஜெனிபரின் சர்டிபிகேட் பையின் மேல் அது உட்கார்ந்தது. அடிப்பக்கம் இளஞ்சூடாக இருந்தது.

போடியிலிருந்து தேனிக் கல்லூரிக்குப் போகும் காலை பஸ்ஸில் இதற்குக் கேள்வியே கிடையாது. உட்கார இடம் கிடைத்தவள் மடியைக் கொடுத்தாக வேண்டும். மூன்று வருடங்களில் ஜெனிபரின் மடியில் ஏறாத பொருளில்லை: ஆறேழு புத்தகப் பைகள், முருங்கைக்காய்க் கட்டு, ஒருமுறை யாருடைய பிள்ளையோ, ஒருமுறை காலைக் கட்டிய சேவல். அந்தக் குவியலின் உச்சியில் மொழிபெயர்ப்பு நாவல்களை விரித்துவைத்து அவள் உலகத்தையே படித்து முடித்திருந்தாள். பனி மூடிய தெருவில் டிராம் வண்டி எப்படி மணியடித்துத் திரும்பும், பூமிக்கடியில் ஓடும் ரயிலில் அந்நியர்கள் எப்படிக் கண்ணைத் தாழ்த்திக்கொள்வார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். வெளியூர் பஸ்கள் இப்போது போய் நிற்கும் கிளாம்பாக்கத்திலிருந்து நுங்கம்பாக்கத்துக்கு எப்படிப் போவது என்பதுதான் தெரியாது. அதை எந்த மொழிபெயர்ப்பாளரும் எழுதியிருக்கவில்லை.

கடைவீதியில் விசாரித்தபோது ஆளுக்கொரு சென்னையைச் சொன்னார்கள். அப்பாவின் கடையில் ஏலக்காய் எடை போடும் ஜாஸ்பர் அண்ணனின் சென்னையில் பஸ் பாரிமுனையில் போய் நின்றது. எதிர்க்கடை சுருளிவேலின் சென்னையில் கோயம்பேட்டில் நின்றது. ஒவ்வொருவரும் தான் கடைசியாகப் போன வருடத்தை அப்படியே பத்திரமாக வைத்திருந்தார்கள். போடியிலிருந்து நேராகச் சென்னைக்கு ரயில் உண்டு, ஆனால் அது தினமும் இல்லை. அவளுக்கு வேண்டிய நாளில் கிளம்பவில்லை.

அப்பா பொன்னுராஜ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடைசியில் தன் தீர்ப்பைச் சொன்னார். “இங்க பாரு ஆத்தா. காரு கிடையாது, ஆட்டோ கிடையாது. பஸ்ஸுலயும் ரயில்லயும் தனியாப் போயி, பத்து மணிக்கு அந்த ஆபீஸ் வாசல்ல நின்னு ஒரு போட்டோ அனுப்பு. அனுப்பிட்டா, வேலை கிடைச்சதும் நானே பெட்டியத் தூக்கிட்டு வந்து விடுறேன். பத்து தாண்டுச்சுன்னா இங்கன கடையில வந்து உக்காரு. அந்த ஊர்ல ஒரு இடத்துக்குப் போய்ச் சேரத் தெரியாதவ அங்கன குடியிருந்து என்ன செய்யப் போற?”

நுங்கம்பாக்கத்தில் ஒரு பதிப்பகம். மெய்ப்புப் பார்க்கும் வேலை. நேர்முகம் சரியாகப் பத்து மணிக்கு.

செங்கல்பட்டுக்கு முன்னால் சாலைப் பணி. பஸ் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்தது. கிளாம்பாக்கத்திலிருந்து இன்னொரு பஸ் பிடித்து அவள் தாம்பரம் ஸ்டேஷனுக்கு வந்தபோது எட்டே முக்கால். ஆனாலும் உட்கார இடம் கிடைத்தது. ஒவ்வொரு ஸ்டேஷன் தாண்டியதும் அப்பாவுக்குப் பெயரை அனுப்பினாள். குரோம்பேட்டை. பல்லாவரம். திரிசூலம். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்துகொண்டிருந்தது.

மடியிலிருந்த பையைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியவில்லை. கீழே சூடாக இருப்பது டிபன் பாக்ஸ், அது தெரிகிறது. ஆனால் தொடையில் அழுத்துகிற நீளமான, உருண்டையான அது என்ன? புல்லாங்குழலோ? இந்த அம்மா ஏதாவது பள்ளியில் பாட்டு டீச்சராக இருக்கலாம். வீட்டில் யாருக்கும் தெரியாமல் சாயங்காலத்தில் எங்கோ ஒரு மொட்டை மாடியில் வாசிக்கிறவராக இருக்கலாம். அதன் மேல் வட்டமாக, மெத்தென்று ஏதோ இருந்தது. ஜெனிபர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பரங்கிமலையில் மெட்ரோ பாலம் தலைக்கு மேலே வந்து, இவர்களோடு கொஞ்ச தூரம் ஓடிவிட்டு, என்னவோ ஞாபகம் வந்ததுபோல் விலகிப் போனது. தண்டவாளத்தை ஒட்டிய வீட்டுப் பின்கட்டில் ஒருவர் பல் தேய்த்துக்கொண்டே ரயிலைப் பார்த்தார். தினமும் இத்தனை ஆயிரம் பேர் தன்னைப் பார்க்க அவரால் எப்படி நிம்மதியாகத் துப்ப முடிகிறது?

கிண்டியில் பெட்டியே கவிழ்ந்ததுபோல் பாதிப் பேர் இறங்கினார்கள். அதே அளவு பேர் ஏறினார்கள். சைதாப்பேட்டை தாண்டிய பிறகுதான் ஜெனிபர் நிமிர்ந்து பார்த்தாள். எதிரில் பச்சைச் சுடிதார் ஒன்று நின்றது. நீலப் பூச்சேலையைக் காணோம். பை மட்டும் மடியில் இருந்தது.

அப்போது பை அதிர்ந்தது. உள்ளே போன் அடித்தது. எடுப்பதற்காகக் கையை விட்டபோது ஜெனிபருக்குப் பதில் கிடைத்தது: உருண்டையாக இருந்தது டார்ச் லைட். மெத்தென்று இருந்தது தொப்பி. மடித்த காக்கிச் சட்டையின் மேல் மகிமா என்று பெயர்த் தகடு.

“ஏம்மா! நீதானே? என் பை உன்கிட்டதானே கீது?”

“ஆமக்கா. நீங்க எறங்குனதப் பாக்கல. மன்னிச்சிருங்க.”

“கிண்டிலதான் நிக்கிறேன். யாரோ ஒரு தம்பி போன்ல பேசுறேன். ஒன்பதே முக்காலுக்கு செக்யூரிட்டி டூட்டி. யூனிஃபார்ம் அதுலதான் கீது. ரெண்டு தபா லேட்டுன்னு சூப்பர்வைசர் எழுதிக்கினான். மூணாவது தபான்னா வீட்டுக்கு அனுப்பிடுவான்.”

மாம்பலம் நெருங்கியது. மணி ஒன்பது பதினெட்டு. இன்னும் இரண்டு ஸ்டேஷன் போனால் நுங்கம்பாக்கம். நிதானமாக நடந்துபோய், வாசலில் நின்று, முகத்தைக்கூடக் கழுவிக்கொண்டு போட்டோ எடுக்கலாம். பையை அங்கே வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லலாம். அந்த வாக்கியம் நாக்கு வரை வந்தது. நீட்டியது தன்னுடைய கை என்பதும் கூடவே வந்தது.

“அங்கனயே நில்லுங்க. வாறேன்” என்றாள்.

மாம்பலத்தில் இறங்கி, எதிர்த்திசை வண்டியில் அவள் கிண்டிக்கு வந்தபோது படிக்கட்டுக்குக் கீழே மகிமா நின்றிருந்தார். பையை வாங்கியதும் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே கையை விட்டுத் தொப்பி, சட்டை, டார்ச், டிபன் என்று துழாவினார். எல்லாம் இருந்தது. அதன் பிறகுதான் கோபம் வந்தது.

“யாரு உன்ன வாங்கச் சொன்னா? இருவது வருசமா இந்த ரயில்ல வரேன். ஒருத்தி, ஒரே ஒருத்தி, குடுன்னு கேட்டதில்ல. கை காலியா இருந்துச்சு. காலிக் கையோட அப்டியே எறங்கிட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு, படி ஏறுறப்போ. ஏன் இவ்ளோ நல்லாக்கீதுன்னு பாத்தா, பை இல்ல.”

சொல்லி முடிக்கும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க மூக்கைத் துடைத்துக்கொண்டார். “நீ எங்க போவணும்?”

“நுங்கம்பாக்கம். பத்து மணிக்கு இன்டர்வியூ.”

மகிமா பிளாட்பாரக் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது முப்பத்திரண்டு. “லூசாம்மா நீ? அங்க போய்ட்டு அப்புறமா வர்றதுக்கென்ன?”

“ஒன்பதே முக்கால்னு சொன்னீகளே.”

மகிமா இரண்டு படி ஏறினார். திரும்பினார். “அந்தத் தண்ணிக் குழா தெரியுதா? அங்க போய் நில்லு. லேடீஸ் பெட்டி அங்கதான் வரும். உள்ள போவாத, கதவாண்டயே நில்லு. எறங்குனதும் யாரையும் பாக்காத, ஓடு!” அதையே தானும் செய்தார். பை இடுப்பில் இடிக்க, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, படிகளில் இரண்டிரண்டாக ஏறி மறைந்தார்.

தண்ணீர்க் குழாயருகே நின்றபோதுதான், மாம்பலத்திலிருந்து திரும்பி வந்ததற்கு டிக்கெட் எடுக்கவில்லை என்பது ஜெனிபருக்கு உறைத்தது. போன் அடித்தது. அப்பா.

“எங்கன இருக்க?”

“கிண்டி.”

“கிண்டிக்கு அப்பவே டிக் அடிச்சிட்டேனே. மாம்பலமும் அடிச்சாச்சு.” கடைச் சீட்டின் பின்பக்கம் ஸ்டேஷன் பெயர்களை வரிசையாக எழுதிவைத்திருக்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. “அந்த ஊர்ல ரயிலு பின்னாலயும் ஓடுமாக்கும்?”

“நான்தான் திரும்பி வந்தேன்ப்பா. ஒரு அக்கா பையை என் மடியிலயே விட்டுட்டு எறங்கிட்டாக.”

மறுமுனையில் ஏலக்காய் சல்லடையில் உருளும் சத்தம் கேட்டது.

“அங்கனயும் போயி மடி குடுத்தியா?”

“ம்.”

“பத்துன்னா பத்துதான் ஆத்தா” என்றார். “பேசிக்கிட்டு நிக்காத. வண்டி வருதான்னு பாரு.”

வண்டி வந்தது. கதவருகே ஒற்றைக்கால் வைக்கத்தான் இடமிருந்தது. முதுகுக்குப் பின்னால் முழங்கைகள், முன்னால் யாருடைய தலைப்பூவோ. சர்டிபிகேட் பை பக்கவாட்டில் நசுங்கியது. உள்ளே பட்டச் சான்றிதழ் மடிவதை அவளால் உணர முடிந்தது. சைதாப்பேட்டை. மாம்பலத்தில் கதவருகே நின்றவளை இறங்கும் கூட்டம் வெளியே இழுத்துப் போட, ஏறும் கூட்டம் மறுபடி உள்ளே தள்ளியது. இம்முறை இருக்கைகளின் ஓரம்வரை. ஒன்பது நாற்பத்தாறு. இறங்கியதும் பத்து நிமிட நடை, ஓடினால் ஆறோ ஏழோ. கதவுக்கும் அவளுக்கும் நடுவே நான்கு பேர்.

ஓரத்து இருக்கையில் கல்லூரிப் பெண் ஒருத்தி காதில் ஹெட்போனுடன் கண் மூடியிருந்தாள். அவள் மடி காலியாக இருந்தது. அங்கே ஒரு பஸ் டிக்கெட்கூட இல்லை. ஜெனிபர் அந்த மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். போடி பஸ்ஸில் என்றால் கேட்காமலேயே வைத்திருப்பாள். பையை அங்கே கொடுத்தால் கை இரண்டும் சும்மா இருக்கும், கூட்டத்தை விலக்கிக் கதவுக்குப் போய்விடலாம். காலிக் கையோடு இறங்குவது எவ்வளவு நன்றாக இருக்கும் என்பதும் இப்போது தெரிந்திருந்தது.

கோடம்பாக்கத்தில் வண்டி குலுங்கி நின்றது. அந்தப் பெண் கண்ணைத் திறந்தாள். ஜெனிபரைப் பார்த்தாள், நசுங்கிய பையைப் பார்த்தாள். ஒரு காதிலிருந்து ஹெட்போனை எடுத்துவிட்டு, என்ன என்பதுபோல் புருவத்தை உயர்த்தினாள். ஜெனிபர் பையை மட்டும் ஒரு சாண் முன்னால் நீட்டினாள். பெண் ஒரு நொடி யோசித்தாள். பிறகு முழங்கால்களைச் சேர்த்து, துப்பட்டாவை ஒதுக்கி, மடியைச் சமமாக்கினாள்.

வண்டி கிளம்பியது. பை மடியில் இருந்தது, அந்தப் பெண்ணின் இரண்டு கைகளும் அதன் மேல் இருந்தன. பையின் வார் மட்டும் ஜெனிபரின் சுண்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. நுங்கம்பாக்கத்தை நோக்கி ரயில் வேகமெடுக்க எடுக்க, இருவருக்கும் நடுவே அந்த வார் இறுகுவதும் தளர்வதுமாக ஆடிக்கொண்டே போனது.