எந்தக் கால்?

என் கணவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரையே சோதித்துப் பழகிய மனிதர். தன்னை யாராவது சோதித்தால் அவருக்குப் பொறுக்காது. வலது முட்டியை மாற்றுவதற்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று கண்ணில் பட்டவர்கள் எல்லோரும் அவரைச் சோதித்தார்கள்.

முட்டி தேய்ந்த நாளிலிருந்து அவர் நாற்காலியே கதியென்று ஆகிவிட்டார். அங்கிருந்தபடியே அடுப்படி முதல் வாசற்கதவு வரை அத்தனைக்கும் உத்தரவு போடுவார். ஆபரேஷனுக்கு முறை வருவதற்குள் நான் பாதியாகிப் போனேன். இன்று தவறினால் வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிடுவோம் என்று ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அவரையும் அந்த நாற்காலியையும் வைத்துக்கொண்டு இன்னும் பல மாதங்கள் ஓட்ட என் உடம்பில் தெம்பு கிடையாது.

காலையில் நர்ஸ் வந்து பெயர் கேட்டாள், என்ன ஆபரேஷன் என்று கேட்டாள், எந்தக் கால் என்று கேட்டாள். அடுத்து மயக்க மருந்து டாக்டர் வந்து அதையே கேட்டார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போக வந்தவரும் விடவில்லை. நோயாளியின் வாயாலேயே சொல்லிக் கேட்பதுதான் விதி, பாதுகாப்புக்காகத்தான் என்று நர்ஸ் பொறுமையாக விளக்கினாள். இவர் காதில் ஏறினால்தானே.

"இங்க ஒருத்தருக்கும் தெரியலடி" என்றார் என்னிடம். "தெரிஞ்சா ஏன் ஆளாளுக்குக் கேக்கணும்? நல்ல காலை அறுத்துட்டாங்கன்னா என்ன பண்றது?"

கோபமாகத்தான் சொன்னார், ஆனால் போர்வையை இழுத்து நல்ல காலை மூடிக்கொண்டார். மனிதர் பயந்துபோயிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சும்மா இருங்கள் என்றேன். அடுத்து வருகிறவரை ஆழம் பார்க்கப் போகிறேன் என்றார் அவர்.

அடுத்து வந்தவள் பயிற்சி டாக்டர். எங்கள் பெண்ணை விடச் சின்னவள், கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருமை. ஆபரேஷன் செய்யப்போகும் காலில் அடையாளம் போடக் கையில் மார்க்கர் பேனா வைத்திருந்தாள். எந்தக் கால் என்று கேட்டாள். என் கணவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, "இடது" என்றார்.

'இல்லைங்க, வலது' என்று அவள் திருத்துவாள், சபாஷ் போடலாம் என்பது அவர் கணக்கு. அவள் திருத்தவில்லை. பேனாவை மூடினாள். கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே போனாள்.

தவளை தன் வாயால் கெடும் என்று நான் ஆரம்பிப்பதற்குள் ஆபரேஷன் செய்யும் பெரிய டாக்டர் அவளோடு உள்ளே நுழைந்துவிட்டார். தலையில் ஆபரேஷன் தியேட்டர் தொப்பி. அவர் வந்ததும் நர்ஸ் சுவரோடு ஒட்டிக்கொண்டாள், நானும் என்னை அறியாமல் எழுந்து நின்றேன். அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை, ஃபைலைத்தான் பார்த்தார். ஃபைலில் வலது என்று இருக்கிறது, நோயாளி இடது என்கிறார் என்று பயிற்சி டாக்டர் சொன்னாள்.

"இடதுதானே?" என்றார் பெரிய டாக்டர், பக்கத்தைப் புரட்டிக்கொண்டே.

"ஆமாங்க டாக்டர்" என்றார் என் கணவர்.

விளையாட்டு அதோடு முடிந்திருக்க வேண்டும். இவரோ கைகட்டாத குறையாகப் படுத்துக் கிடந்தார். பெரிய டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"வலதுலதான் தேய்மானம் இருக்கு. வலதுதானே?"

"ஆமாங்க டாக்டர்."

சரி, வலது காலில் அடையாளம் போடு, நேரமாகிறது என்று பெரிய டாக்டர் திரும்பினார். அவள் பேனாவைத் திறக்கவில்லை. அவள் பயிற்சி முடித்துப் போவதற்கு அவருடைய கையெழுத்துதான் வேண்டும் என்று நர்ஸ் எனக்குப் பிறகு சொன்னாள். அது அப்போதே அவள் முகத்தில் தெரிந்தது.

"சார், இவர் ரெண்டுக்குமே ஆமாம்னு சொன்னாரு" என்றாள். "நான் போட மாட்டேன் சார்."

அப்படியானால் இன்று வேண்டாம், அடுத்த ஆளைக் கூப்பிடு என்றார் பெரிய டாக்டர். என் கண்முன் அந்த நாற்காலி வந்து நின்றது. நான் எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். வலதுதான், இவர் சும்மா உங்களை ஆழம் பார்த்தார் என்றேன். அதை அவரேதான் சொல்ல வேண்டும் அம்மா என்றாள் அந்தப் பெண். நான் இவர் பக்கம் திரும்பினேன்.

"ஏங்க, இடதுதானேன்னு அவர் கேட்டப்போ எதுக்கு ஆமாம்னீங்க? நல்ல காலை அறுத்திருப்பாங்களே."

அவர் போர்வையைப் பார்த்தபடி சொன்னார்: "பெரிய டாக்டரே சொல்றாரு. அவர்கிட்ட போய் இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் எல்லோருக்கும் கேட்டது. வீட்டில் அந்தப் பாடு படுத்துகிற புலி, இங்கே ஒரு தொப்பிக்கு முன்னால் காலையே கொடுக்கத் தயாராக இருந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

பெரிய டாக்டர் ஃபைலை மூடி நர்ஸிடம் கொடுத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தார். முதல் முறையாக என் கணவரின் முகத்தைப் பார்த்தார்.

"உங்களுக்கு எந்தக் கால்ல ஆபரேஷன்?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தார். காத்திருந்து பழக்கமில்லை போலும், விரல்கள் தொடையில் தாளம் போட்டன. என் கணவர் கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பதில் என் நாக்கு நுனியில் நின்றது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"வலதுங்க" என்றார் கடைசியில். "படி ஏறினா உயிர் போவுது. இடது நல்லாத்தான் இருக்கு. நான் முதல்ல சொன்னது பொய்."

இரண்டு கையாலும் வலது முட்டியைப் பொத்திக் காட்டினார். ஃபைல், எக்ஸ்ரே, அவர் வாய் மூன்றும் இப்போது ஒன்றையே சொல்லின. அந்தப் பெண் பேனாவைத் திறந்து, அவர் கையை மெல்ல விலக்கி, அம்புக்குறி போட்டாள். அடுத்த ஆளைக் கூப்பிடப் போன நர்ஸைப் பெரிய டாக்டர் நிறுத்தினார். இனி எனக்கு முன்னால் நீயே நோயாளியிடம் கேட்டுவிடு, நான் அப்புறம் வருகிறேன் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். ஆனால் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.

"இத்தனை வருஷமா பதிலையும் நானே சொல்லிட்டு, ஆமாம்னு மட்டும் வாங்கிட்டுப் போயிருக்கேன்" என்றார் என் கணவரிடம். "இல்லையா?"

"ஆமாங்க டாக்டர்" என்றார் என் கணவர்.

அன்று அவர் பயப்படாமல் சொன்ன 'ஆமாங்க' அது ஒன்றுதான்.